கொங்காணி பிறந்த கதை

திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சனங்களுக்குக் கம்பளி என்றதும் ஞாபகம் வருவது பூச்சி. முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும். மேலே பட்டால் அரிக்கும். போர்த்திக்கொள்கிற கம்பளியை ஆடு மேய்க்கிறவர் தோளில் பார்த்திருப்பார்கள். நமக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றியிருக்காது. அந்த வெயிலில் எதற்கு? அப்படிப்பட்ட சனங்களைத்தான் 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காக இலங்கையின் கண்டிச் சீமைக்குக் கூட்டி வந்தார்கள்.

ராமேஸ்வரம், தொண்டி, தேவிபட்டினம் என்று எங்கே தோணி ஏறினாலும் இறங்கியது மன்னார்ப் பக்கம்தான். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடை. ஏறக்குறைய 150 மைல். வழி நெடுக காடு. குடிக்கக் கிடைத்த தண்ணீரில் கொலரா. அந்தப் பாதையில் விழுந்தவர்களைப் பற்றி நம் ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு இங்கே வேண்டியது ஒரு சின்ன விஷயம்: தப்பிப் பிழைத்து மாத்தளைக்கு மேலே ஏறியவர்கள் உடம்பில் என்ன இருந்தது? பருத்தி வேட்டி, பருத்திச் சேலை, ஒரு துண்டு. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு, உள்ள சூட்டையும் உறிஞ்சிவிடுகிற துணி.

அவர்கள் ஏறி வந்த மலை எப்படிப்பட்டது? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். வருஷத்துச் சராசரி வெப்பம் 16 பாகை. தை, மாசி விடியலில் சில நாள் புல்மேல் உறைபனி கிடக்கும், கொழுந்து கருகும். ஹட்டன் பக்கம் அவ்வளவு குளிர் இல்லை, ஆனால் மழை. வட்டவளையில் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்யும். வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரைக்கும் சூரியன் கடன் கேட்டு வந்தவன் போலத் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். கோப்பிக் காலத்திலும், பின்னால் தேயிலைக் காலத்திலும், மழைக்காக வேலை நின்றதில்லை. கொழுந்து மழையில்தானே வளர்கிறது.

இதைத் தோட்டத்துக் கணக்கிலிருந்து பாருங்கள். ஓர் ஆளுக்குப் பகலில் மழைச்சட்டை வேண்டும். மலையில் சோறோ ரொட்டியோ தின்ன ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும். ராத்திரிக்கு, லயம் என்கிற வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் மண் தரையில் படுக்கை வேண்டும், போர்வை வேண்டும். நாலு சாமான். நாலுக்கும் சேர்த்துத் தோட்டம் கொடுத்தது ஒன்று: கருப்புக் கம்பளி.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் இதை ‘கம்ப்ளி’ என்று சொல்லி ஆங்கிலத்தில் எழுதியும் கொண்டார்கள். இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேசிய கலப்பு வார்த்தைகளைத் திரட்டி 1886இல் வந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதியில் அதற்கு ஒரு பதிவு உண்டு. முரட்டுக் கம்பளித் துணி என்று பொருள் போட்டு, சமஸ்கிருதக் கம்பளத்துக்குக் கொண்டுபோய் முடித்திருப்பார்கள். வார்த்தை இன்னும் பழசு. புத்தர் காலத்து நாத்திகர் அஜிதருக்குக் கேசகம்பளி என்று பட்டப்பெயர். மயிரால் நெய்த கம்பளியைப் போர்த்தித் திரிந்தவர். ஒரே துணியோடு வாழ்வது அவருக்குத் துறவு. எங்கள் ஆட்களுக்கு அது பற்றுவரவு.

பற்றுவரவு என்று சும்மா சொல்லவில்லை. அரிசி, கம்பளி, வழிச்செலவு என்று, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கொடுத்ததெல்லாம் ஆளின் பேரில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ கூடவே போகும். புதுத் தோட்டம் அதைத் தீர்த்தால்தான் ஆள் கைமாறும். 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழிக்கிற வரைக்கும் இதுதான் நடப்பு. முதுகில் போட்டிருந்த கம்பளியின் விலையும் சேர்ந்துதான் மனிதனின் விலை.

கம்பளியை யார் வடிவமைத்தார்கள் என்று கேட்டால் தோட்டத்துக்கு அந்தப் பெருமை கிடையாது. தக்காணத்து மேட்டு நிலத்துக் குறும்பர்கள், கன்னடத்தில் குருபர், அவர்களுடைய சொத்து அது. பெல்லாரி, சித்ரதுர்கா பக்கத்துக் கருப்புச் செம்மறியின் மயிர். பெண்கள் நூற்பார்கள், ஆண்கள் குழித்தறியில் நெய்வார்கள். இதில் என்னை மயக்குவது பசை. புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சி, அந்தக் கூழைப் பாவு நூலில் தூரிகையால் தேய்த்து விறைப்பாக்குவார்கள். நெய்த துணி புதுசில் அட்டை மாதிரி நிற்கும். தூறல் விழுந்தால் மேலே உருண்டு ஓடும். ஆட்டுக்காரனுக்கு மந்தையோடு மாசக்கணக்கில் வெட்டவெளி வாசம். மழை வந்தால் தலையில், வெயில் வந்தால் கோல் மேல் பந்தலாக, ராத்திரி அடியில் பாதி மேலே பாதி. சுமந்துகொண்டு நடக்க வேண்டியவன்தான் ஒரு பொருளிடம் இத்தனை வேலை வாங்குவான். தெலுங்கில் அந்தக் கம்பளிக்குக் ‘கொங்கடி’ என்று பேர். கம்பளியையோ சாக்கையோ மடித்துத் தலையில் போடுகிற மழைமூடிக்கு எங்கள் வீட்டில் ‘கொங்காணி’. காதுக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் கேட்கிறது.

நான் கொங்காணியைப் பார்த்தது அப்பாயியின் தலையில். ஹட்டனுக்கு மேலே ஒரு டிவிஷன்; பேர் வேண்டாம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் அப்பாயி வாசல் இஸ்தோப்பில் நின்று கம்பளியை ஒரு உதறு உதறும். நீளவாக்கில் இரண்டாக மடிக்கும். மடிப்பின் மேல்முனையில் ஒரு மூலையைப் பிடித்து இன்னொரு மூலைக்குள் செருகும். அவ்வளவுதான், மூக்குச்சி வைத்த ஒரு கூடு வந்துவிடும். அதைத் தலையில் கவிழ்த்தால் பின்பக்கம் கெண்டைக்கால் வரை தொங்கும். அதற்கு மேலே கூடைக்கயிறு. கயிறு நெற்றியை அறுக்காமல் இருக்க அந்த மடிப்பே சும்மாடு. இடுப்பில் படங்குத் துணி, காலில் அட்டை கடிக்காமல் இருக்கச் சவுக்காரமும் உப்பும். ஒரு நிமிஷம் ஆகாது. நான் பல தடவை முயன்றிருக்கிறேன். என் கூடு எப்போதும் ஒரு பக்கம் சரியும்.

ஒரு மூலையில் அப்பாயி சிவப்பு நூலால் நாலு தையல் போட்டிருந்தது. ரொம்ப நாள் அதை அடையாளம் என்றுதான் நினைத்தேன், லயத்தில் எல்லோர் கம்பளியும் கருப்புத்தானே. அடையாளம் இல்லை. அது பக்கம் சொல்கிற நூல். சிவப்பு நூல் தெரிகிற பக்கம் மழைக்கு. மற்றப் பக்கம் உடம்புக்கு. எந்த அவசரத்திலும் மாறக்கூடாது.

ஏன் என்றால், மழைச்சட்டையும் படுக்கையும் ஒன்றாக இருக்கிற பொருளுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பகலில் அது தன் வேலையைச் செய்தால், ராத்திரி அது ஈரம். படுக்கை வேண்டும் என்கிற நேரத்தில் படுக்கை சொட்டிக்கொண்டு நிற்கும். கூடாரத்தையே போர்வையாக்கலாம், மழைச்சட்டையையே கூடாரமாக்கலாம் என்று கிளம்புகிற எல்லோரும் கடைசியில் முட்டி நிற்கிற சுவர் இதுதான். எடையைக் குறைப்பது பெரிய காரியமில்லை. காயவைப்பதுதான் காரியம்.

ஆட்டுமயிர் இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை ஆவியாக உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாமல் இருக்கும். அப்படி இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். மயிரில் ஒட்டியிருக்கிற ஆட்டுக் கொழுப்பு தண்ணீரைத் தள்ளும். இழை சுருண்டு நிற்பதால் நனைந்தாலும் உள்ளே காற்று அடைந்து கிடக்கும். சூட்டைப் பிடித்து வைப்பது அந்தக் காற்றுதான். பருத்தி நனைந்தால் படுத்துவிடும், காற்றுக்கு இடமில்லை. ஆனாலும் வட்டவளை மழைக்கு எந்த ஆட்டுமயிரும் நாள் முழுக்கத் தாங்காது. மத்தியானத்துக்கு மேல் கம்பளி ஊறி இரட்டைப் பாரமாகிவிடும். கூடையில் பச்சைக் கொழுந்து, முதுகில் தண்ணீர்.

மீதிப் பாதியை அப்பாயி தீர்த்தது. மடித்துப் போடுவதால் வெளி மடிப்புதான் முதலில் குடிக்கும். மத்தியான ரொட்டிக்கு நிற்கும்போது, கூடையை நிறுத்தி அதன் விளிம்பில் கம்பளியை இழுத்துப் போட்டு, இரண்டு பெண்கள் தலையை உள்ளே விட்டுக்கொள்வார்கள். கூடையும் இரண்டு தலையும்தான் கூடாரக் கம்பம். உள்ளே ரொட்டியும் சம்பலும் நனையாமல் இருக்கும், பேச்சு நனையாமல் இருக்கும். கங்காணியைப் பற்றிய பேச்சு என்றால் இன்னும் வசதி.

சாயந்தரம் வந்ததும் முதல் வேலை பிழிவது இல்லை. பிழிந்தால் கம்பளி இழுபடும், நெசவு கலைந்துவிடும் என்று அப்பாயி விடாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இஸ்தோப்பு ஓரத்தில் ஓங்கி உதற வேண்டும். பிறகு அடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணில், சிவப்பு நூல் பக்கம் நெருப்பைப் பார்க்க விரிக்க வேண்டும். சோறு வெந்து இறங்குகிற வரைக்கும்தான் அதற்கு நேரம். ஈர ஆட்டுமயிர், கிராண்டிஸ் விறகுப் புகை, மாசிச் சம்பல் — மழைக்காலத்தில் எங்கள் காம்பராவின் வாசனை இதுதான். புகை ஏறி ஏறிக் கம்பளிக்கு ஒரு பளபளப்பு வந்துவிடும். மூட்டைப் பூச்சியும் அண்டாது என்று சொல்வார்கள். அது பொய், அண்டும்.

முழுசாகக் காய்ந்ததே கிடையாது. படுக்கும்போது கீழே சாக்கு, அதன்மேல் பழைய படங்கு. நான், தங்கச்சி, அப்பாயி, மூன்று பேருக்கும் மேலே ஒரே கம்பளி. மறுபடியும் சிவப்பு நூல் பக்கம் மேலேதான். “ஒடம்புச் சூடு ஈரத்த மேல தள்ளிரும், நீ தொறந்து தொறந்து பாக்காத” என்று அப்பாயி சொல்லும். விடியும்போது மேல்பக்கம் தொட்டால் பனி மாதிரி சில்லென்று இருக்கும், உள்பக்கம் வெதுவெதுப்பு. ஈரம் ராத்திரி முழுக்க எங்களைத் தாண்டி வெளியே நடந்திருக்கிறது. பனிமலை ஏறுகிறவர்கள் ஈரமான சாமானை உடம்புச் சூட்டிலேயே காயவைப்பதைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

துரைமாருக்கும் இந்த ஒரே துணி வித்தை புதிதாக இருந்திருக்க நியாயமில்லை. கண்டிச் சீமைத் துரைமாரில் பாதிப் பேர் ஸ்கொட்லாந்துக்காரர்கள் என்று சொல்லுமளவு அந்த ஊரார் வந்திறங்கினார்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல், பதினாறு வயசில் வந்தவர்தான். அவர்கள் நாட்டு மேட்டு நிலத்தாரின் பழைய உடுப்பு ஒரே ஒரு நீளக் கம்பளித் துணி. தரையில் விரித்து, மடிப்பு வைத்து, மேலே படுத்து, வார் கட்டி எழுந்தால் கீழ்ப்பாதி பாவாடை, மேல்பாதி போர்வை. மழைக்கு மேல்பாதியைத் தலைக்கு இழுத்துக்கொள்வது. ராத்திரி வாரை அவிழ்த்தால் படுக்கை. 18ஆம் நூற்றாண்டில் அந்த மலைகளில் வேலை பார்த்த எட்வர்ட் பர்ட் என்ற இங்கிலீஷ்காரர் தம் கடிதங்களில் ஒரு வேடிக்கை எழுதுகிறார்: காற்றடிக்கிற வறண்ட குளிரில் வெட்டவெளியில் படுக்க நேர்ந்தால், அந்த ஆட்கள் துணியை ஓடையில் முக்கி எடுத்துச் சுற்றிக்கொண்டு தூங்குவார்களாம். நனைந்த மயிர் உப்பி நெருக்கமாகிக் காற்று புகாது. மூச்சும் உடம்புச் சூடும் உள்ளே நின்று ஆவியாகும். அப்பாயி ஈரத்தை விரட்டியது. அவர்கள் வேண்டுமென்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

கலகம் செய்தார்கள் என்று 1746இல் லண்டன் அரசு அந்த உடுப்பையே சட்டம் போட்டுத் தடுத்தது. 1782இல்தான் தடை நீங்கியது. அதற்குள் அன்றாட உடுப்பாக அது செத்துவிட்டது. தன் பாட்டன் வழி உடுப்பு ஒரு தமிழ்ப் பெண்ணின் தலையில் மலையேறிப் போவதைப் பார்த்து எந்தத் துரையாவது ஒரு நிமிஷம் நின்றானா? நின்றிருந்தாலும் ஆள்பேர் பதிகிற செக்ரோலில் எழுத அதற்கு ஒரு பத்தி கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1876இல் வேல்ஸ் நாட்டு நியூடவுனில் பிரைஸ் ஜோன்ஸ் என்ற வியாபாரி ஒரு கம்பளிப் படுக்கைக்குக் காப்புரிமை வாங்கினார். மடித்துப் பூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து தூங்கலாம். தலைமாட்டில் காற்றூதுகிற ரப்பர்த் தலையணை. இன்றைய தூக்கப்பைக்கு முப்பாட்டன் அதுதான். ருஷ்ய ராணுவம் 60,000 கேட்டது. நடுவில் வேண்டாம் என்றது, அவர் மீதியை வேறு ஊர்களுக்கு விற்றுத் தீர்த்தார். அதே 1876தான் நம் ஊர்க் கணக்கில் தாது வருஷம். தாது வருஷப் பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் கூட்டம் கூட்டமாக மன்னார்ப் பாதையில் நடந்தார்கள். அங்கே கம்பளியை மடித்தவருக்குக் காப்புரிமை. இங்கே மடித்தவர்களுக்குத் துண்டு. ஜெர்மன் ராணுவம் 1931இல் முக்கோணத் துணி ஒன்றைக் கொண்டுவந்தது: ஒருவன் போட்டால் மழையங்கி, நாலு பேர் பொத்தான் போட்டு இணைத்தால் கூடாரம். அதற்கும் வருஷம், எண், வரைபடம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. கொங்காணி மடிப்புக்கு வரைபடம் கிடையாது.

பொலித்தீன் வந்தபோது என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். உர மூட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உரம் போடுகிற நாளில் அதற்கு அடிபிடி. கழுவிக் காயவைத்து, அடிப்பக்கத்து ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகினால் அதே மூக்குச்சிக் கூடு! துணி மாறியது, மடிப்பு மாறவில்லை, பேரும் மாறவில்லை. பாரம் ஒன்றுமே இல்லை. தண்ணீர் துளிகூட உள்ளே வராது. உள்ளிருந்து வெளியே போகவும் போகாது, அதுதான் சங்கடம். மலையேறிக் கொழுந்து பறிக்கிற உடம்பு வேர்த்து, பொலித்தீனின் உள்பக்கம் முத்து முத்தாகச் சேர்ந்து, முதுகில் வழியும். மழையில் நனைந்ததற்குப் பதில் தன் வேர்வையிலேயே நனைந்தார்கள். அப்பாயி இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் தன் கம்பளியையே அடியில் போட்டு, அதற்கு மேலே பொலித்தீனைப் போட்டுக்கொண்டது. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். வேர்வையைக் கம்பளி குடித்தது, மழையைப் பொலித்தீன் தடுத்தது, ராத்திரிக்குக் கம்பளி ஏறக்குறைய காய்ந்தே வந்தது. மறு வாரம் சிரித்தவர்களில் நாலைந்து பேர் அதே மாதிரி.

இளசுகள் அந்தப் பாரத்தையும் விட்டார்கள். கம்பளி வீட்டோடு நின்றது. பகல் வேலை பொலித்தீனுக்கு, ராத்திரி வேலை கம்பளிக்கு என்று பாகம் பிரிந்தது. முதல் தடவையாக லயத்தில் காய்ந்த படுக்கை. அதற்குப் பிறகு வந்த கம்பளிகள் மெல்லிசு, நைலோன் கலப்பு, பூப்போட்டது. தலையில் போட அவை நிற்காது. யாரும் போடவும் இல்லை.

இப்போது எங்கள் பக்கம் மலைப்பாதை நடக்கிறவர்கள் வருகிறார்கள். பெக்கோ டிரெயில் என்று தேயிலை மலைகளுக்கு நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டமாக ஒரு பாதை. பழைய தோட்டத்து வழிகள்தான், பேர் புதுசு. போன ஐப்பசியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் அடை மழையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தோளில் போட்டிருந்த அங்கியைக் கழற்றி எனக்கு விளக்கிக் காட்டினான். கைத்தடி இரண்டை நிறுத்தி நாலு கயிறு இழுத்தால் கூடாரம். பையோடு இணைத்தால் தூக்கப்பைக்கு மேலுறை. எல்லாம் சேர்ந்து முந்நூறு கிராம்கூட இல்லை என்றான். கையில் வாங்கிப் பார்த்தேன். வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். சொட்டச் சொட்ட அதைக் கொடியில் போட்டுவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, காய்ந்த போர்வை ஏதாவது இருக்குமா என்று கேட்டான்.

அம்மா உள்ளே போய்ப் பெட்டிக்கு அடியிலிருந்து அப்பாயியின் கம்பளியை எடுத்து வந்து கொடுத்தது. பசையெல்லாம் போய்த் தளர்ந்த துணி, ஓரத்தில் எலி கடித்த ஓட்டை. சிவப்புத் தையலில் மூன்றுதான் மிச்சம்.

“செவப்பு நூலு மேல வரணும் தம்பி” என்றது அம்மா.

அவன் தலையாட்டிச் சிரித்து, நூலை உள்பக்கமாக வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான்.